நிறுத்தும் சுவிட்ச்

டிரம் நின்ற பிறகும் அந்தச் சின்னச் சத்தம் நிற்கவில்லை.

லோகநாதன் சுவரோரம் இருந்த மெயின் சுவிட்சை இறக்கியதும், ஆள் உயரத்துக்கு மேல் எழுந்து நின்ற அந்த இரும்பு உருளை, சிவப்புப் பட்டு இழைகளைச் சுமந்தபடி இன்னும் கொஞ்சம் சோம்பலாக உருண்டு, ஒரு முனகலோடு ஓய்ந்தது. மோட்டாரின் உறுமல் அடங்கியது. தகரக் கூரையின் மேல் மழைக்கு முந்திய காற்று புழுதியை வாரி இறைத்துவிட்டுப் போனது. பட்டுப் பசையும் கிரீஸும் ஈரச் சாயமும் கலந்த வாடை, விசிறி இல்லாத அந்தக் கொட்டகையில் அசையாமல் நின்றது. அதற்கு நடுவே எங்கோ மிக அருகில், டக். டக். டக்டக். நகத்தால் பிளாஸ்டிக்கைத் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம். கொஞ்ச நேரம் தொடர்ந்தது. பிறகு ஓய்ந்தது.

சூடான இரும்பு ஆறும்போது இப்படித்தான் சத்தம் போடும் என்று சுபத்ரா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். லோகநாதனைப் பார்த்தாள். அவர் தலையைச் சாய்த்து, சத்தம் முற்றிலும் ஓயும்வரை காத்திருந்துவிட்டுத்தான் அவள் பக்கம் திரும்பினார்.

"உக்காருங்க மேடம். கரண்ட்டு இல்லாமயே பாப்பீங்களா?"

"போர்டுக்கு என் லேப்டாப்ல இருந்தே கரண்ட்டு போவும்ணா. மிஷின் ஓட வேணாம்."

ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலிதான் இருந்தது. கேபிள் எட்டும் தூரத்தில் உட்கார வேண்டும் என்றால் டிரம்முக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். உட்கார்ந்தாள். உடனே எழுந்து நாற்காலியைச் சற்றுத் திருப்பிப் போட்டாள். கேபிள் எட்டவில்லை. மறுபடி பழையபடியே உட்கார்ந்தாள்.

தெள்ளாருக்குப் பக்கத்து ஊர்க்காரி அவள். சென்னையில் ஒரு சிறிய கம்பெனியில் கம்பைலர் எழுதும் வேலை. மனிதர்கள் எழுதுகிற புரோகிராமை இயந்திரத்துக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றித் தருவது கம்பைலர். மாற்றும்போதே, வீண் வேலை எது என்று தேடிப் பிடித்து நீக்கி, கட்டளைகளைச் சுருக்கி வேகப்படுத்தவும் செய்யும். அவளுடைய கம்பெனி இம்மாதிரி இயந்திரங்களை ஓட்டும் மின்னணு போர்டையும், அதற்கான கம்பைலரையும் விற்றது. பட்டுத் தறிக்குப் பாவு, அதாவது சேலையின் நீளவாட்டு இழைகளை, சுற்றும் இந்த டிரம்மைச் செய்தவர்கள் அதை வாங்கிப் பொருத்தியிருந்தார்கள்.

ஆடி மாதத்தில் ஒருநாள் லோகநாதனின் மனைவி உண்ணாமலை, அறுந்துபோன இழையைப் பிடிக்க டிரம்மை ஒட்டிக் குனிந்தாள். சடை இழைகளோடு சிக்கிக்கொண்டது. டிரம் நிற்கவில்லை. 'இயக்கியவர் நிறுத்தும் சுவிட்சை அழுத்தவில்லை' என்று அவளுடைய கம்பெனி அறிக்கை கொடுத்தது. அதோடு எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் சமீபத்தில் வேறோர் ஊரில், இதே வகை டிரம் ஒன்று, சோதித்துப் பார்க்கையில், சுவிட்சை அழுத்தியும் நிற்காமல் ஓடியிருக்கிறது. அதன் பிறகுதான் இந்த விஷயம் சுபத்ராவிடம் வந்தது. அவளுடைய டீம் லீட் பிரபாகரன், "தீபாவளிக்கு ஊருக்குத்தானே போயிருக்க? டிரம் இருக்கிற முள்ளிப்பட்டு உங்க ஊருக்குப் பக்கந்தானே? அந்த போர்டை நேர்ல ஒருதடவை பாத்துட்டு வந்துடு" என்று சொல்லியிருந்தார்.

ஆள் செத்த இயந்திரம் பூட்டிக் கிடக்கும் என்று நினைத்து வந்தவளுக்கு, தெருமுனையிலேயே அதன் ஓட்டம் கேட்டது. அது அவளுக்கு என்னவோபோல் இருந்தது. லோகநாதன் ஊரில் பல வீட்டுத் தறிகளுக்குப் பாவு கொடுப்பவர். நிறுத்தி வைத்தால் தறிகள் நின்றுபோகும். நியாயந்தான். ஆனாலும் அந்த டிரம்மையே ஓட்ட எப்படி மனசு வந்தது?

போர்டில் இருந்த கட்டளைகளை லேப்டாப்பில் இறக்கி, மேலிருந்து கீழாகப் படிக்கத் தொடங்கினாள். வேகத்தைக் கூட்டு. எண்ணிக்கையை ஒன்று ஏற்று. முடிந்ததா என்று பார். இல்லையென்றால் திரும்பப் போ. மறுபடி வேகம், மறுபடி எண்ணிக்கை. திரும்பத் திரும்ப ஓடும் அந்தக் கட்டளைச் சுற்றை அவள் விரல் திரையில் வட்டமிட்டது. அதற்குள் ஒரு வரி இல்லை. டிரம்முக்குப் புரோகிராம் எழுதியவர்கள் எழுதியிருந்தார்கள், ஒவ்வொரு சுற்றிலும் நிறுத்தும் சுவிட்சைப் பார் என்று. அந்த வரி, சுற்று தொடங்குவதற்கு முன்னால், வெளியே நின்றது. டிரம் கிளம்பும் முன் சுவிட்சை ஒரே ஒரு முறை பார்ப்பது. அழுத்தவில்லை என்று தெரிந்துகொள்வது. அதன்பின் பாவு சுற்றி முடியும்வரை அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

சுபத்ரா மேலிருந்து மறுபடி ஒருமுறை படித்தாள்.

காரணமும் சீக்கிரமே தெரிந்துவிட்டது. 'இதை நம்பாதே, இது எப்போது வேண்டுமானாலும் வெளியிலிருந்து மாறும், ஒவ்வொரு முறையும் போய்ப் பார்' என்று சொல்வதற்கு ஒரு குறி உண்டு. எழுதியவர்கள் அதைச் சரியாகவே போட்டிருந்தார்கள். பல சுவிட்சுகளின் நிலையை ஒரே எண்ணுக்குள் அடைத்திருந்தார்கள். கம்பைலர் வேகப்படுத்துகிற சாக்கில் அந்த எண்ணைத் துண்டு துண்டாகப் பிரித்தது. பிரித்தபோது அந்தக் குறியைத் துண்டுகளுக்குப் போட மறந்தது. குறி இல்லாத துண்டைக் கம்பைலரின் அடுத்த கட்டம் பார்க்கிறது. இதை இங்கே யாரும் மாற்றவில்லையே, எதற்குத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும்? தூக்கி வெளியே வைத்துவிடுகிறது. ஆட்களே இல்லாத உலகத்தில் அது சரியான கணக்கு.

"அண்ணா" என்றாள். "உங்க வீட்டம்மா சுவிட்ச அமுத்தியிருப்பாங்க. மிஷின்தான் பாக்கல. தப்பு அவங்க மேல இல்ல. எங்க மேலதான்."

அழுவார், கத்துவார், எதையாவது தூக்கி அடிப்பார் என்று எதிர்பார்த்தாள். லோகநாதன் டிரம்மின் மேல் ஒட்டியிருந்த பஞ்சு இழை ஒன்றை மெல்ல எடுத்து, விரலால் உருட்டிக் கீழே போட்டார்.

"அவ அமுத்தினா. தெரியும்."

"நீங்க பாத்தீங்களா?"

"நான் அப்போ ஆரணியில இருந்தேன். சேதி கேட்டு வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுச்சி."

"அப்புறம் எப்படித் தெரியும்?"

மழை கூரையில் சடசடவென்று இறங்கியது. அவர் போய் ஷட்டரைப் பாதிவரை இழுத்துவிட்டார். வெளிச்சம் இடுப்பு உயரத்துக்குக் கீழேதான் உள்ளே வந்தது.

சுபத்ராவால் உட்கார முடியவில்லை. எழுந்தாள், தண்ணீர் குடித்தாள், வாசல்வரை போய் மழையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். சரிசெய்து, போர்டில் ஏற்றி, டிரம் நிற்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட வேண்டும். அவ்வளவுதான். கம்பைலரில் அந்த இடத்தைத் திறந்து, பிரித்த ஒவ்வொரு துண்டுக்கும் குறியைச் சேர்க்கும் ஒரு வரியை எழுதினாள். சோதனைகளை ஓட்டினாள். எல்லாம் தேறின. டிரம்மின் புரோகிராமைப் புதிய கம்பைலரில் கொடுத்தாள். வெளியே நின்றிருந்த வரி சுற்றுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. போர்டில் ஏற்றினாள். சுவிட்சை எப்போது அழுத்தினாலும் திரையில் தெரியும்படி ஒரு சிறு ஏற்பாடும் செய்துகொண்டாள். அழுத்தினால் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்யம்.

"மெயின் போடுங்கண்ணா. மெதுவா ஓட்டிப் பாக்கலாம்."

டிரம்மைக் கிளப்பும் பச்சை சுவிட்சை அவளே தட்டினாள். மோட்டார் முனகியது. டிரம் ஒரு விரற்கடை நகர்ந்தது. நின்றது.

திரையில் ஒன்று.

நிறுத்தும் சிவப்பு சுவிட்சின் பக்கம் யாரும் இல்லை. லோகநாதன் மெயினுக்குப் பக்கத்தில் நின்றார். அவள் இங்கே. சுவிட்ச், டிரம்மின் அந்தப் பக்கத்துக் கம்பத்தில், காளான் குடை மாதிரி ஒரு சிவப்பு மூடியோடு இருந்தது.

ஒன்று. பூஜ்யம். ஒன்று. பூஜ்யம். ஒன்று ஒன்று ஒன்று.

டக். டக். டக்டக்டக்.

பிறகு பூஜ்யம். அமைதி.

ஒயர் உரசுகிறது என்று நினைத்தாள். ஈரக் காற்று, பழைய கனெக்‌ஷன். மறுபடி பச்சையைத் தட்டினாள். ஒரு விரற்கடை. நின்றது. டக்டக்டக். சுவிட்சின் ஒயரைக் கழற்றினாள், திரை பூஜ்யத்தில் அசையாமல் நின்றது. மாட்டினாள், பச்சையைத் தட்டினாள், டக்டக். பையிலிருந்து புது சுவிட்ச் ஒன்றை எடுத்துப் பழையதைக் கழற்றிவிட்டு மாட்டினாள். புது சுவிட்சும் அப்படியே. டிரம் ஓடாதபோது ஒன்றும் இல்லை. டிரம் அசைந்த கணமே யாரோ அழுத்துகிறார்கள். நின்ற பிறகும் கொஞ்ச நேரம் அழுத்துகிறார்கள். நின்றுவிட்டது என்று நம்ப முடியாதவர்களைப் போல.

சத்தமும் எண்ணும் ஒன்றாகவே வந்தன. ஒயர் உரசினால் மூடி ஏன் சத்தம் போட வேண்டும்?

லோகநாதன் பார்த்துக்கொண்டே நின்றார்.

போன் அடித்தது. பிரபாகரன். "ஆயிடுச்சா?"

"பக் கெடச்சிடுச்சு சார். ஃபிக்ஸ் பண்ணிட்டேன். அவங்க சுவிட்ச அமுத்தியிருக்காங்க. நம்ம ரிப்போர்ட் தப்பு."

"அதெல்லாம் போன்ல வேணாம். மிஷின் ஓடுதா?"

"ஓடல. ஸ்டாப் வந்துகிட்டே இருக்கு."

"யாரு அமுத்துறாங்க?"

அவள் சிவப்பு மூடியைப் பார்த்தாள்.

"சரி, ஏதோ ஹார்டுவேர் பிராப்ளம். பழைய வெர்ஷனையே போட்டு ஓட வச்சிட்டுக் கிளம்பு. அடுத்த ரிலீஸ்ல பாத்துக்கலாம்."

"சார், பழசுல…"

வைத்துவிட்டார்.

சுபத்ரா சுவிட்சின் முன்னால் போய் நின்றாள். சோதனை என்றால் சோதனைதான். மூடி தானாக இறங்குகிறதா, யாரேனும் இறக்குகிறார்களா? மூடிக்கும் கம்பத்துக்கும் நடுவே இருந்த இடுக்கில் கட்டைவிரலை வைத்தாள். இனி மூடி இறங்க முடியாது. பச்சையைத் தட்டச் சொல்லி லோகநாதனுக்குச் சைகை காட்டினாள். அவர் தட்டினார்.

டிரம் நகர்ந்தது. இம்முறை நிற்கவில்லை. திரையில் பூஜ்யம்.

மூடி அவள் விரலை நசுக்கியது. தளர்ந்தது. நசுக்கியது. ஒரு ஆளின் பலம். உள்ளங்கையால் அடிக்கிற பலம். டிரம் வேகமெடுத்தது. இழைகள் சீப்பு போன்ற கம்பிப் பற்களுக்கு நடுவே சீறிக்கொண்டு வந்தன. சந்தன சோப்பின் வாசனை, தேங்காயெண்ணெய் வாசனை, அதற்கடியில் வேறொரு வாடை, சூடாக, இரும்பு மாதிரி. மூடியின் மேல் அடி விழுந்துகொண்டே இருந்தது. வேகமாக. இன்னும் வேகமாக. பிறகு அடிப்பது நின்று, விரல்கள் மூடியின் ஓரத்தைத் தடவின. எது தடுக்கிறது என்று தேடின. அவள் கட்டைவிரலைக் கண்டுபிடித்தன. நகங்கள் இறங்கின.

காதுக்குப் பக்கத்தில் ஒரு மூச்சு. உள்ளே இழுத்த மூச்சு. வெளியே வராத மூச்சு.

விரலைப் பிடுங்கினாள். மூடி இறங்கியது. டிரம் நின்றது.

அவள் சுவரோடு சாய்ந்து நின்றாள். கட்டைவிரலின் மேல் வளைவாக இரண்டு நகக்குறிகள். ஒன்றில் ரத்தம் துளிர்த்தது. அந்தக் கொஞ்ச நேரம், நிற்காத டிரம்முக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவே தடையாக நின்றது தன் விரல்தான் என்று அவளுக்குப் புரிந்தது.

"ஒனுக்கும் தெரிஞ்சிடுச்சா" என்றார் லோகநாதன். 'மேடம்' என்ற அழைப்பு போய்விட்டது. குரலில் ஒருவித ஆறுதல் இருந்தது. இத்தனை நாளாக ஒரு சுமையைத் தனியாகத் தூக்கியவர், மறுமுனையைப் பிடிக்க ஆள் கிடைத்த மாதிரி பேசினார். "மொத நாளு எனுக்கும் பயந்தான். பாவு குடுக்கணுமேன்னு ஓட்டினேன். ஓட ஆரம்பிச்சதும் இந்த சுவிட்ச் சத்தம். பேஜாரா கீதேன்னு கழட்டிப் பாத்தேன். அப்பால அவ சோப்பு வாசன வந்துச்சு. அவதான்னு தெரிஞ்சிகினேன்."

"அண்ணா, இத மூடிடுங்க. மூடிட்டுப் பூட்டிடுங்க. யாரையாவது கூப்டு…"

"இன்னாத்துக்கு மூடணும்?" உண்மையிலேயே புரியாமல் கேட்டார். "ஊட்ல ஒண்டியா கீறேன்மா. அந்த ஊட்டுக்குள்ள ஒரு சத்தம் கெடையாது. ஒரு வாசன கெடையாது. அவ பொடவ மடிப்புல கூட வாசன போயிடுச்சி. இங்க வந்து மெயின போட்டா அவ கீறா. ஓடற வரைக்கும் கீறா. நின்னா கொஞ்ச நேரத்துல போயிட்றா."

"அவங்க உங்களப் பாக்க வரலண்ணா." சுபத்ரா அவர் எதிரே வந்து நின்றாள். "ஒவ்வொரு தடவ ஓட்டும்போதும் அவங்க மறுபடி மாட்டிக்கிறாங்க. நிறுத்துங்கன்னுதான் அமுத்துறாங்க. பழைய புரோகிராமுக்கு அது தெரியாது. ஆடியில இருந்து தினமும்… தினமும் அவங்க…"

கட்டைவிரலில் இருந்த நகக்குறிகளை அவர் பக்கம் நீட்டிக் காட்டினாள்.

லோகநாதன் டிரம்மின் பக்கம் திரும்பினார். மழை ஷட்டரை அறைந்தது. டியூப்லைட் ஒருமுறை கண்சிமிட்டி நிலைத்தது.

"அது எனுக்குத் தெரியாதாம்மா?" என்றார்.

அவர் அலமாரியைத் திறந்து ஒரு அட்டைப் பெட்டியை எடுத்தார். டிரம்மை விற்றவர்கள் கொடுத்துவிட்டுப் போன ஸ்பேர் போர்டு. பழைய புரோகிராம் ஏற்றப்பட்டது. சுபத்ராவின் கேபிளை உருவி அவள் மடியில் வைப்பது மாதிரி நாற்காலியின் மேல் மரியாதையாக வைத்தார். அவள் சரிசெய்த போர்டைக் கழற்றி, தூசு படாமல் துண்டில் சுற்றினார்.

"வேணாம்ணா."

"உன்னுது நல்லாத்தான் கீது. ஆனா ஒரு தட்டு தட்டுனதும் நின்னுடுதே. அவ வந்ததும் போயிட்றா. அவ்ளோதான் நேரம். அது எனுக்குப் பத்தாதும்மா."

போர்டு பொருந்தியது. சுபத்ரா மெயினை இறக்க ஓடினாள். அவர் அதற்குள் அங்கே போய் நின்றுவிட்டார். தள்ளவில்லை, அடிக்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மெயினுக்கு முன்னால் நின்றார். பெரிய உடம்பு. அவள் அவர் தோளைப் பிடித்து இழுத்தாள். சட்டைப் பொத்தான் தெறித்தது. அவர் அசையவில்லை. அங்கிருந்தபடியே கையை நீட்டிப் பச்சையைத் தட்டினார்.

டிரம் சுற்றியது.

டக்.

சுபத்ரா திரும்பி ஓடினாள், டிரம்மைச் சுற்றிக்கொண்டு, அந்தக் கம்பத்துக்கு. பயன் இல்லை என்று அவளுக்குத்தான் மற்ற யாரையும்விட நன்றாகத் தெரியும். அந்தச் சுற்றுக்குள் அந்த வரி இல்லை. எத்தனை கை அழுத்தினாலும் அது திரும்பிப் பார்க்காது. ஆனாலும் அழுத்தினாள். உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள். மறுபடி. மறுபடி. நில்லு. நில்லு. டிரம் நிற்கவில்லை.

அவள் கையின் மேல் இன்னொரு கை வந்து படிந்தது.

ஈரமாக. வெதுவெதுப்பாக. கண்ணாடி வளையல்கள் மணிக்கட்டில் உரசின. அந்தக் கை அவள் கையோடு சேர்ந்து அழுத்தியது. ஒரே தாளத்தில். அவள் ஓய்ந்தபோது, ஓயாதே என்று அவள் கையையே பிடித்து அழுத்தியது. அந்தப் பிடியில் கோபம் இல்லை. கெஞ்சல்தான் இருந்தது. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

கையை இழுத்துக்கொண்டாள்.

விட்டுவிட்டாள்.

லேப்டாப், பை, போன், எல்லாம் அங்கேயே. குனிந்து, பாதி இறங்கிய ஷட்டருக்கு அடியில் புகுந்து, முழங்கால் சேற்றில் ஊன்ற வெளியே விழுந்தாள். மழை தலையில் கொட்டியது. எதிர்வீட்டுத் தறிச் சத்தம் மழைக்குள் கேட்டது. தெருவில் விளக்கு ஏற்றும் நேரம். யாரோ சைக்கிளில் குடை பிடித்துக்கொண்டு போனார்கள். ஓடினால் பஸ் ஸ்டாப். கத்தினால் ஆட்கள் வருவார்கள். கத்தவில்லை, ஓடவும் இல்லை. அந்தப் பிடி இன்னும் புறங்கையில் இருந்தது.

சேற்றில் கிடந்தபடியே திரும்பிப் பார்த்தாள்.

ஷட்டருக்குக் கீழே, டியூப்லைட் வெளிச்சத்தில், டிரம்மின் கீழ்ப்பாதியும் லோகநாதனின் கால்களும் தெரிந்தன. மெயினை விட்டு அவர் டிரம்முக்கு அருகில் வந்திருந்தார். பட்டு இழைகள் சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவில் ஒரு கறுப்பு இழை. பிறகு இன்னொன்று. பிறகு ஒரு கொத்து. எண்ணெய் தேய்த்து வாரிய நீள முடி, இறுகி, இழுபட்டு, சிவப்போடு சேர்ந்து சுற்றிக்கொண்டு மேலேறியது.

லோகநாதன் மண்டியிட்டார். இப்போது முகம் தெரிந்தது. சுவர் ஆணியில் மாட்டியிருந்த துணிப்பை ஒன்று அவர் கையில் இருந்தது. அதற்குள்ளிருந்து ஒரு வாழையிலைப் பொட்டலத்தை எடுத்து, நூலை அவிழ்த்து, ஒரு முழம் மல்லிகையை வெளியே எடுத்தார். ஒரு உதறு உதறினார். பிறகு ஓடும் பாவின் மேல், கறுப்பு ஓடுகிற இடமாகப் பார்த்து, வலிக்காமல் வைப்பதுபோல் வைத்தார்.

பூ மேலேறி மறைந்தது.

சுவிட்ச் அடங்கியது. ஒரே ஒரு சுற்று. அந்தச் சுற்று முழுவதும் யாரும் அதை அழுத்தவில்லை.

டிரம் திரும்பி வந்தபோது மல்லிகை கீழே விழுந்திருக்கவில்லை. இறுகி ஓடிய அந்தக் கறுப்பின் மேல் அது ஒழுங்காக வளைந்து உட்கார்ந்திருந்தது. இரண்டு பக்கமும் ஹேர்பின் குத்தியிருந்தது.